வளைவில் தடம் புரளும் பழைய பயணிகள் பெட்டிகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை. அதன் மேல் எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவில் ஒரு நீள்வட்டப் பாதை, ஒரு நீராவி இன்ஜின், நாலைந்து சரக்குப் பெட்டிகள். இதுவரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அழகான பழைய பயணிகள் பெட்டிகளை வாங்கி மாட்டியதும்தான் தொல்லை தொடங்கும். வளைவில் ஒரு பெட்டி சாய்கிறது, பாதை பிரியும் பாயிண்டில் இன்னொன்று இறங்குகிறது, பின்னோக்கித் தள்ளினால் ரயிலே மடங்கிக்கொள்கிறது. பெரும்பாலானோர் தண்டவாளத்தைக் குறை சொல்லி அதைப் பிரித்துப் போடுகிறார்கள். சிறிய லேஅவுட்டில், அதாவது இப்படிப் பலகையில் அமைத்த மாதிரிப் பாதையில், உண்மையான காரணம் அநேகமாகப் பெட்டியின் நீளம்தான். அதை முதலில் அளந்துவிட்டால் பாதிப் பிழைகள் அங்கேயே தெளிந்துவிடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கப் பாதைகளில் 1870களிலிருந்து 1930கள் வரை ஓடிய மரப்பெட்டிகளும் தொடக்ககால எஃகுப் பெட்டிகளும். அளவு எச்ஓ, அதாவது 87இல் ஒரு பங்கு. போகி என்று எழுதும் இடமெல்லாம் பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதியைக் குறிக்கிறேன், முழுப் பெட்டியை அல்ல.

எதையும் பிரிக்கும் முன் இரண்டு அளவுகள்

முதல் அளவு, உங்கள் பாதையின் மிக இறுக்கமான வளைவின் ஆரம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ரயில் செட்டோடு வரும் வளைவுத் துண்டுகள் பெரும்பாலும் 18 அங்குல ஆரம், மில்லிமீட்டரில் 457. கொஞ்சம் தாராளமானது 22 அங்குலம், அதாவது 559. நான்கடி அகலப் பலகையில் இதற்கு மேல் போக இடமில்லை.

இரண்டாவது, பெட்டியின் நீளம். 34 அடிப் பெட்டி எச்ஓவில் 119 மி.மீ., 50 அடிப் பெட்டி 175, 60 அடிப் பெட்டி 210, 80 அடிப் பெட்டி 280. நாம் அன்றாடம் ஏறும் பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி 21.34 மீட்டர், எழுபது அடி. அதையே எச்ஓவில் செய்தால் 245 மி.மீ. வரும். அமெரிக்கர்களின் முழுநீளப் பெட்டி அதைவிடவும் நீளமானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் சிக்கலின் பருமன் புரியும்.

இனி ஆரத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்க லேஅவுட் வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு இது. விடை 3 அல்லது அதற்கு மேல் என்றால், நீளப் பெட்டியும் குட்டைப் பெட்டியும் கலந்து வந்தாலும் நம்பி ஓட்டலாம். 2.5 என்றால், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள பெட்டிகளாக இருந்தால் ஓடும். 2ஐ ஒட்டி வந்தால் மிகுந்த மல்லுக்கட்டலுக்குப் பின்னர்தான் ஓடும், அதுவும் எல்லா மாடலும் ஓடாது. வளைவின் உட்புறத்திலிருந்து பார்க்கும்போது பொம்மைபோலத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் 3.5 தேவை.

18 அங்குல வளைவில் 80 அடிப் பெட்டிக்கு 1.6தான் வருகிறது. 60 அடிக்கு 2.2. 50 அடிக்கு 2.6. 34 அடிக்கு 3.8. உங்களுடைய எண் 2க்குக் கீழே இருந்தால், கீழே சொல்லும் பழுதுநீக்கம் எதுவும் நிரந்தரத் தீர்வு தராது. பெட்டியை மாற்றுவதுதான் வழி.

குட்டைப் பெட்டி என்றதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஏதோ சிறுபிள்ளை விளையாட்டுக்கு இறங்கிவிட்டதைப்போல. அது தவறான எண்ணம். கலிபோர்னியாவின் சியரா ரயில்வே தன் ஏஞ்சல்ஸ் கிளைப் பாதையை 1902இல் அமைத்தபோது செங்குத்தான சரிவுகள், இறுக்கமான வளைவுகள், முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும் ஸ்விட்ச்பேக்குகள் என்று பாதை ஒரே சிக்கலாக இருந்தது. வழக்கமான நீளப் பெட்டிகள் அதில் ஒத்துவரவில்லை. அதற்காகவே சான் பிரான்சிஸ்கோவின் ஹோல்மன் பட்டறையில் மிகக் குட்டையான இரண்டு பெட்டிகளைச் செய்வித்தார்கள்: 5ஆம் எண் பாதிச் சாமான் பாதிப் பயணிகள் பெட்டி, 6ஆம் எண் பயணிகள் பெட்டி. இரண்டும் இன்றும் ஜேம்ஸ்டவுனில், ரெயில்டவுன் 1897 மாநிலப் பூங்காவில் இருக்கின்றன. வளைவு இறுக்கம் என்றால் பெட்டியைக் குறுக்கு என்று நிஜ ரயில்வேயே முடிவெடுத்திருக்கிறது. ரவுண்ட்ஹவுஸ் என்ற மாடல் தயாரிப்புப் பெயரில் வந்த ஓவர்ட்டன் வரிசை 34 அடிப் பெட்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. 18 அங்குல வளைவு வைத்திருப்பவருக்கு இவற்றைவிட மனநிறைவு தரும் பெட்டி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: வளைவில் தடம் புரள்கிறது

முதல் கேள்வி: ஒரே இடத்தில் எல்லாப் பெட்டிகளுமா, எல்லா இடங்களிலும் ஒரே பெட்டியா? பெட்டிகளின் வரிசையை மாற்றி ஓட்டினால் தெரிந்துவிடும். இடம் மாறவில்லை என்றால் தண்டவாள இணைப்பைப் பாருங்கள். அங்கே ஒரு முனை தூக்கியிருக்கும், அல்லது வளைவு முறிந்து சிறு கோணமாகியிருக்கும்.

எப்போதும் ஒரே பெட்டிதான் என்றால் அதைத் தனியாகக் கழற்றி, விரலால் மெல்லத் தள்ளி அதே வளைவில் ஓட்டுங்கள். தனியாகவே இறங்குகிறதா? அப்படியானால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு போகியையும் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பழைய மரப்பெட்டி மாடல்களில் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்ளும். அடிப்புறத்தில் நீளவாக்கில் ஓடும் இழுகம்பிகள், பிரேக் சிலிண்டர், தொங்கும் படிக்கட்டு ஆகிய அனைத்தும் போகிக்கு மிக அருகில் இருக்கின்றன. சக்கரம் எங்கே உரசுகிறதோ அங்கே வண்ணம் தேய்ந்து ஒரு பளபளப்பான கீறல் விழுந்திருக்கும். அதுவே உங்களுக்குச் சாட்சி. படிக்கட்டின் உட்பக்கத்தை உப்புத்தாளால் இழைத்துவிடுங்கள், வெளியிலிருந்து தெரியாது. இழுகம்பியை வெட்டும் முன், போகிக்கும் தளத்துக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்றை வைத்துப் பெட்டியை அரை மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் உயர்த்தினால், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் உயரமும் மாறும் என்பதை மறக்கக்கூடாது.

போகி தாராளமாகத் திரும்புகிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் அதைப் பிடித்திருக்கும் திருகாணியைப் பாருங்கள். இரண்டு போகிகளையும் இறுக்கமாக முடுக்கியிருந்தால் தண்டவாளத்தின் சிறு மேடுபள்ளத்துக்கு ஏற்பப் பெட்டி வளைந்துகொடுக்காது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஒரு போகி முன்னும் பின்னும் மட்டும் சாய வேண்டும். மற்றது எல்லாப் பக்கமும் கொஞ்சம் ஆட வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப்போல, இந்த ஏற்பாட்டில் எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தை விடாது. அமெரிக்க மாதிரி ரயில்வே சங்கமான என்எம்ஆர்ஏ 1935இல் தொடங்கியதிலிருந்து தரப்படுத்திவரும் அளவுகளில் சக்கர இடைவெளியும் ஒன்று. அவர்களுடைய சிறிய உலோக அளவுத் தகடு ஒன்று கையில் இருந்தால் அச்சில் சக்கரம் நகர்ந்திருக்கிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

அறிகுறி: தனியாக ஓடுகிறது, மாட்டினால் இறங்குகிறது

இதுதான் நீளத்தின் வேலை. வளைவில் ஒவ்வொரு பெட்டியின் முனையும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து வெளியே விலகுகிறது. 18 அங்குல வளைவில் 80 அடிப் பெட்டியின் முனை சுமார் 10 மி.மீ. வெளியே போகும். 50 அடிப் பெட்டிக்கு அது நாலரை. 34 அடிப் பெட்டிக்கு இரண்டைச் சற்றே தாண்டும். இன்ஜினின் பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் குட்டையானது, ஏறத்தாழ நடுக்கோட்டிலேயே நிற்கும். ஆக, டெண்டருக்கும் 80 அடிப் பெட்டிக்கும் நடுவே உள்ள கப்ளிங் ஏழெட்டு மில்லிமீட்டர் பக்கவாட்டு விலகலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் உடலோடு பொருத்திய சாதாரண கப்ளிங் அவ்வளவு திரும்பாது. திரும்ப முடியாத கப்ளிங் ஒரு நெம்புகோலாக மாறி, எடை குறைந்த பக்கத்தைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறியும்.

நீளம் கலந்த ரயிலில்தான் இது மோசமாகும். எனவே முதலில் வரிசையை மாற்றுங்கள்: டெண்டரை அடுத்துக் குட்டையான சாமான் பெட்டி, அதன் பின் நடுத்தரம், கடைசியில் நீளமானது. அதிலும் சரியாகவில்லை என்றால், நீளமான காம்பு உள்ள கப்ளிங்கை மாட்டலாம். கேடீ போன்ற தயாரிப்பாளர்கள் பல நீளங்களில் தருகிறார்கள். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கூடும், அது கண்ணுக்கு அழகில்லை, ஆனாலும் ரயில் நிற்காமல் ஓடும். மூன்றாவது வழி, போகியோடு கப்ளிங்கைப் பொருத்துவது. பழைய ரயில் செட்டுகளில் இந்த முறைதான் இருந்தது. இழுக்கும்போது எந்த வளைவிலும் போகும். தள்ளும்போது வேறு வம்பு வரும், அதை அடுத்துப் பார்க்கலாம்.

அறிகுறி: பின்னோக்கித் தள்ளினால் மடங்குகிறது

கப்ளிங் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். போகியோடு இருந்தால் காரணம் அதுவே. தள்ளும் விசை முழுவதும் போகியின் ஒரு முனையில் இறங்கி அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது. சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது. முன்னோக்கி மட்டுமே ஓடும் வட்டப் பாதைக்கு இது தடையில்லை. ரயில் நிலையத்தில் ஷண்டிங் செய்ய வேண்டுமானால் கப்ளிங்கை உடலுக்கு மாற்றியே தீர வேண்டும். அப்படி மாற்றியதும் முந்தைய அறிகுறியில் சொன்ன நீளக் கட்டுப்பாடு வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒத்துப்போவது குட்டைப் பெட்டியில் மட்டும்தான்.

அடுத்த காரணம் எடை. என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். கிராமில் சொன்னால் 34 அடிப் பெட்டிக்கு ஏறத்தாழ 95, 50 அடிப் பெட்டிக்கு 125, 80 அடிப் பெட்டிக்கு 185. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பெட்டிகள் பல இதற்கு மிகக் குறைவாகவே இருக்கும். டயர் கடைகளில் சக்கரம் பேலன்ஸ் செய்ய ஒட்டும் சிறு எடைகள் இதற்குப் பொருத்தமானவை. தளத்தின் மேலேயே, போகிகளுக்கு நேராக, இரு முனைகளுக்கும் சமமாக ஒட்டுங்கள். கூரையில் ஒட்டினால் பெட்டி தலைகனத்து வளைவில் கவிழும். எல்லாப் பெட்டிகளும் ஒரே விதியின்படி இருக்க வேண்டும். கனமான பெட்டிகளின் நடுவே ஓர் இலேசான பெட்டி சிக்கினால் அதுதான் முதலில் வெளியே பாயும்.

அறிகுறி: வளைவில் சரி, பாயிண்டில் இறங்குகிறது

பாயிண்டின் முனைத் தண்டவாளம் ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்தாயிற்று, சக்கர இடைவெளியும் சரி. அப்படியும் இறங்கினால் அங்கே இடமும் வலமுமாக இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று பாருங்கள். இணைப்பாதையில் இரண்டு பாயிண்டுகள் முதுகோடு முதுகாகச் சேரும் இடத்தில் இப்படி நேரும். ஒரு பெட்டியின் முனை இடப்பக்கமும் அடுத்ததன் முனை வலப்பக்கமும் ஒரே நேரத்தில் விலகுவதால், கப்ளிங் மேல் விழும் விலகல் இரட்டிப்பாகிறது. இரு வளைவுகளுக்கும் நடுவே உங்கள் மிக நீளமான பெட்டியின் அளவுக்காவது நேர்ப்பாதை வேண்டும். 34 அடிப் பெட்டிக்கு 12 சென்டிமீட்டர் நேர்துண்டு போதும், அதைச் சிறிய பலகையிலும் கண்டுபிடித்துவிடலாம். 80 அடிப் பெட்டிக்கு 28 சென்டிமீட்டர் தேட எங்கே போவது?

அறிகுறி: நடைமேடையிலோ சுரங்க வாயிலிலோ உரசுகிறது

கணக்குப் போட்டே இதைத் தவிர்க்கலாம். போகி மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்பக்கம் எவ்வளவு வருகிறது என்று கிடைக்கும். 80 அடிப் பெட்டியில் போகி மையங்கள் சுமார் 207 மி.மீ. இடைவெளியில் இருந்தால், 18 அங்குல வளைவில் உட்பக்க நீட்டம் கிட்டத்தட்ட 12 மி.மீ. அதே வளைவில் 50 அடிப் பெட்டிக்கு 4 மி.மீ. மட்டுமே. வித்தியாசம் மூன்று மடங்கு.

கணக்கை விரும்பாதவர்கள் பெட்டியின் நடுவிலும் இரு முனைகளிலும் பென்சில் முனைகளை ஒட்டி, பாதையோரம் தாள் விரித்து, கையால் மெல்லத் தள்ளிக்கொண்டு போகலாம். விழும் கோடுகளே உங்கள் எல்லை. அதற்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுவிட்டு நடைமேடையைக் கட்டுங்கள். முடிந்தால் நடைமேடையை நேர்ப்பாதையில் மட்டும் வையுங்கள். வளைவில் வைத்த நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே தெரியும் பள்ளம் எந்தப் பெட்டியையும் அசிங்கமாக்கிவிடும்.

அறிகுறி: ஓடும்போது டக் டக் என்று சத்தம்

இது பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த மாடல்களைப் பழைய பொருளாக வாங்கியவர்களுக்கு வரும். அந்நாளைய சக்கரங்களின் விளிம்பு மிக ஆழமானது. இன்றைய தாழ்வான தண்டவாளத்தில் அது கட்டைகளின் மேல் உள்ள ஆணித்தலைகளைத் தட்டிக்கொண்டே போகும். பாயிண்டின் நடுவே பெட்டி துள்ளும். இதற்கு மருந்து ஒன்றே, சக்கரங்களை மாற்றுவது. என்எம்ஆர்ஏவின் ஆர்பி-25 என்ற சக்கர வடிவம் கொண்ட உலோகச் சக்கரங்களை வாங்குங்கள். சக்கரத்தின் விட்டம், நிஜ ரயிலின் அளவில் சொன்னால், பயணிகள் பெட்டிக்கு 36 அங்குலம், சரக்குப் பெட்டிக்கு 33 அங்குலம் என்பது வழக்கம். மாற்றி வாங்கிவிட்டால் பெட்டியின் உயரம் பிசகும். பழைய மாடல் வாங்கும்போது கூரையும் தளமும் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்தே காசு கொடுங்கள். வளைந்த தளத்தைச் சீராக்குவது பெரும்பாடு.

அறிகுறி: ஓடும்போது பெட்டி கழன்று நின்றுவிடுகிறது

கப்ளிங் உயரம். எச்ஓவில் அதன் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கென்றே கேடீ விற்கும் அளவுக்கருவி, பயணிகள் பெட்டி வைத்திருக்கும் எவருக்கும் கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடி எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம். உயரம் குறைந்தால் போகிக்கும் தளத்துக்கும் நடுவே வாஷர். உயரம் கூடியிருந்தால் கப்ளிங் பெட்டகத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு தகடு. கப்ளிங்கின் கீழே தொங்கும், காந்தத்தால் கழற்ற உதவும் கம்பி பாயிண்டில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். தட்டினால் இடுக்கியால் ஒரு நூலளவு மேலே வளையுங்கள்.

அறிகுறி: இன்ஜின் ஏற்றத்தில் வழுக்குகிறது

பழைய காலப் பெட்டிகளுக்குப் பொருத்தமான 4-4-0 இன்ஜின், அதாவது முன்னே நான்கு சிறு சக்கரமும் பின்னே நான்கு இயக்கும் சக்கரமும் கொண்டது, உருவில் சிறியது, எடையும் குறைவு. நீண்ட எஃகுப் பெட்டிகளை அதனால் இழுக்க முடியாது. பன்னிரண்டு சக்கரம் கொண்ட பெட்டிகள், அதாவது ஆறு சக்கரப் போகி உள்ளவை, உராய்வை இன்னும் கூட்டும். வளைவும் ஒரு சுமைதான். ஏற்றமும் வளைவும் சேரும் இடத்தில் இன்ஜின் முதலில் கைவிடும். ஒவ்வொரு பெட்டியையும் மெல்லிய சரிவில் விட்டுப் பாருங்கள், தானாக உருண்டு ஓடாத பெட்டியின் அச்சுமுனையில் அழுக்கோ முடியோ சிக்கியிருக்கும். விளக்குக்காக மின்சாரம் எடுக்கும் உலோகப் பட்டைகள் சக்கரத்தை அழுத்திப் பிடித்திருந்தால் தளர்த்துங்கள்.

விளக்கு மினுமினுக்கிறது என்றால் ஒரு போகியிலிருந்து மட்டும் மின்சாரம் வருகிறது என்று பொருள். இரண்டு போகிகளிலிருந்தும் எடுங்கள், ஒரு சிறு மின்தேக்கியைச் சேருங்கள். மரப்பெட்டிக் காலத்தில் பெரும்பாலும் எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும்தான் இருந்தன, எனவே மங்கலான மஞ்சள் எல்இடி போதும். பளீரென்ற வெள்ளை வெளிச்சம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை

இது கால முரண்பாடு. பெட்டியின் நீளத்துக்கு அடுத்தபடியாக நான் நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். பெட்டியில் நான்கு இடங்களைப் பார்த்தால் அதன் வயது தெரியும்.

முதலில் முனைகள். திறந்த மேடை, கைப்பிரேக் சக்கரம், இரும்புக் கிராதி இருந்தால் அது பழைய வடிவம். முனைகள் அறைபோல மூடப்பட்டு, அடுத்த பெட்டிக்கு மடிப்புத் துணியால் இணையும் வடிவத்துக்கு 1887இல் புல்மன் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதற்கு முந்தைய காட்சி ஒன்றை அமைக்கிறீர்கள் என்றால் மூடிய முனை கூடாது. அடுத்து அடிப்புறம்: இழுகம்பிகள் தெரிந்தால் மரச்சட்டம், தெரியாமல் கனமான எஃகு உத்திரம் இருந்தால் 1900களுக்குப் பிந்தையது. பென்சில்வேனியா ரயில்பாதை நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டியபோது, சுரங்கத்துக்குள் மரப்பெட்டி தீப்பற்றினால் என்னாகும் என்ற அச்சம் எஃகுப் பெட்டிகளின் வரவை விரைவுபடுத்தியது. 1907இல் வந்த அவர்களுடைய பி70 வகைப் பெட்டி 80 அடி நீளம். நடுத்தரமாக வேண்டுமானால் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் பாதைகளில் ஓடிய ஹாரிமன் வகை எஃகுப் பெட்டிகளில் 60 அடி நீளமும் உண்டு. 22 அங்குல வளைவுக்கு அவை 2.66 தருகின்றன.

மூன்றாவது கூரை. நடுவே உயர்ந்து, பக்கங்களில் சிறு சன்னல்கள் வரிசையாக ஓடும் கூரை, மரப்பெட்டிக் காலத்திலும் தொடக்க எஃகுக் காலத்திலும் பரவலாக இருந்தது. ஹாரிமன் பெட்டிகளின் கூரை ஒரே வளைவாக வழவழப்பாக இருக்கும். 1934இல் பர்லிங்டன் ஜெஃபைர் போன்ற நீரோட்ட வடிவ ரயில்கள் வந்த பிறகுதான் பளபளக்கும் எஃகு உடல் வருகிறது. அதை 4-4-0 இன்ஜினுக்குப் பின்னால் மாட்டினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நான்காவது கப்ளிங். ஜேனி 1873இல் காப்புரிமை பெற்ற முட்டிவடிவக் கப்ளிங், 1893ஆம் ஆண்டு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமாகி 1900க்குள் எங்கும் பரவியது. அதற்கு முன் வளையமும் ஊசியும் கொண்ட இணைப்பு பரவலாக இருந்தது. மாதிரியில் வளையம்-ஊசி இணைப்பை ஓட்டுவது கடினம். எனவே 1870களைச் சித்திரிப்பவர்கள்கூட முட்டிக் கப்ளிங்கையே வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு சமரசத்தை நான் மனமார ஏற்கிறேன்.

ஒரு திசையில் மட்டும் சலுகை உண்டு. பழைய பெட்டி பிந்தைய காலத்தில் வரலாம், பிந்தைய பெட்டி முந்தைய காலத்தில் வரக்கூடாது. நெவாடாவின் வர்ஜீனியா - டிரக்கி ரயில்பாதை 1870இல் வர்ஜீனியா சிட்டியை எட்டியது, 1950இல்தான் கடைசி ரயிலை ஓட்டியது. அதன் மரப்பெட்டிகள் சில ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்கு விற்கப்பட்டு, திரைப்படங்களில் நடித்து, இன்று கார்சன் சிட்டி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கிளைப் பாதைகளில் மரப்பெட்டி நெடுங்காலம் உயிரோடு இருந்தது. எனவே 1930களின் ஒரு சிற்றூர்க் காட்சியில் தேய்ந்த மரப்பெட்டி ஒன்று வந்து நிற்பது முற்றிலும் உண்மையான காட்சி. முதன்மைப் பாதையில் புதிய எஃகு, கிளையில் பழைய மரம் என்று இரண்டையும் ஒரே லேஅவுட்டில் வைக்க விரும்புவோருக்கும் இதுவே வழி.

அறிகுறி: ரயில் நிலையத்துக்குள் அடங்கவில்லை

எட்டடிப் பலகையில் 22 அங்குல வளைவுகள் இரு முனைகளையும் தின்றபின், நடுவே நேராகக் கிடைப்பது நான்கடி, 1,200 மி.மீ. கடப்புப் பாதை வைத்தால் இரு பாயிண்டுகளும் ஏறத்தாழ 450ஐ எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 750க்குள் இன்ஜினும் டெண்டரும் சேர்ந்து 190 என்று வைத்துக்கொண்டால் பெட்டிகளுக்கு 560. இதில் 80 அடிப் பெட்டி இரண்டு வைத்தாலே வால் பாயிண்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். 50 அடிப் பெட்டி மூன்று வைத்தால் கப்ளிங் இடைவெளியோடு நூல் பிடித்தாற்போல அடங்கும். 34 அடியில் நான்கு நிற்கும், அதற்குமேலும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

ஆனால் நிறைய பெட்டி வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? அமெரிக்கச் சிற்றூர்க் கிளைப் பாதைகளில் பாதிச் சாமான் பாதிப் பயணிகள் பெட்டி ஒன்று, சில சரக்குப் பெட்டிகளின் வாலில் கட்டப்பட்டு ஓடியது. அந்த ஒரே பெட்டியில் தபால், பால்கேன், கோழிக்கூண்டு, ஏழெட்டுப் பயணிகள் எல்லாம் போனார்கள். ஒரே ஒரு பெட்டி வாங்கப் பணம் இருக்கிறது என்று சொல்பவருக்கு நான் எப்போதும் இதைத்தான் வாங்கச் சொல்வேன். அது தனியாக ஓடினாலும் ரயிலாகவே தெரியும், சரக்கோடு சேர்ந்தாலும் பொருந்தும், பின்னர் ஒரு பயணிகள் பெட்டி வாங்கினால் அதற்கு முன்னால் நிற்கும். பாக்மன் நிறுவனத்தின் ஜாக்சன் ஷார்ப் வரிசையிலும் ரவுண்ட்ஹவுஸ் வரிசைகளிலும் இந்த வகை கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் முழுநீளப் புல்மன் பெட்டிகள்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், எச்ஓவோடு போராட வேண்டாம். ஆங்கில ‘என்’ எழுத்தால் குறிக்கும் அளவுக்கு, அதாவது 160இல் ஒரு பங்குக்கு மாறுங்கள். அங்கே 85 அடிப் பெட்டி 162 மி.மீ.தான். அதே பலகையில் 19 அங்குல வளைவு போட்டால் ஆரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் மூன்றைத் தொட்டுவிடும். உணவுப் பெட்டி, படுக்கைப் பெட்டி எல்லாம் சேர்த்து ஐந்து பெட்டி ரயிலே ஓட்டலாம். வாங்கும் முன் கடைக்காரரிடம் பெட்டியின் நீளத்தையும், கப்ளிங் உடலோடு இருக்கிறதா போகியோடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உறையில் குறைந்தபட்ச வளைவு அச்சிட்டிருந்தால் அது பெட்டி தடம் புரளாமல் ஓடும் எல்லை மட்டுமே. பார்க்க அழகாக இருக்கும் எல்லை அதைவிடத் தாராளமானது.